மூன்று அங்க நாடகத்தின் நான்காவது அங்கம்

ஆங்கில மேடை நாடகங்களை நான் முழுக்க முழுக்கத் தொலைக்காட்சியில்தான் கற்றேன். பெயருக்குப் பின்னால் எம்.ஏ. ஆங்கிலம் என்று போட்டுக்கொள்கிறேன், அந்த எம்.ஏ. தபாலில் வந்தது. நாடகத் தாளுக்கு நான் படித்தது கும்பகோணத்துக் கடையில் வாங்கிய நோட்ஸ். அதில் எந்த நாடகமாக இருந்தாலும் நாலே பக்கம். எல்லாவற்றிலும் நகைச்சுவையும் சமூக விமர்சனமும் பின்னிப் பிணைந்திருந்தன. நானும் பின்னிப் பிணைந்திருக்கின்றன என்று எழுதித் தேறினேன். எது எதோடு பின்னியது என்று விடைத்தாளைத் திருத்தியவர் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

போன வருஷம் சம்பா நடவு தொடங்கியிருந்த நேரத்தில் ஒரு மகளிர் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. குடவாசல் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பிரசவ விடுப்பில் போன ஒருவருடைய இடம். வெள்ளிக்கிழமை வந்து, மாணவிகளை உட்காரவைத்து, இருபது நிமிடம் டெமோ வகுப்பு எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய நாடகத்தின் பெயரையும் சொன்னார்கள். அதை நான் கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு இது மூன்றாவது அழைப்பு. முதலாவதுக்கு, மகளுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. இரண்டாவதுக்குப் போனேன், "நாலு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இதுவும் போனால் இனி விண்ணப்பிக்கப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன். சொன்னது சரியா, அவசரப்பட்டுவிட்டேனா என்றும் தினமும் யோசித்தேன்.

பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியில் கணக்கெழுதும் கணவர் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். போனில் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றார். இந்த இரண்டு வார்த்தைகளை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது.

புத்தகத்தை போனில் இறக்கிவைத்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. பலமுறை திறந்தும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இரண்டரை வயது மகள் தாண்ட விடவில்லை. அப்போதுதான் அதே நாடகத்தை வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று முன்னொரு காலத்தில் எடுத்த படம் இணையத்தில் அகப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதை நாலு பகுதியாக ஏற்றியிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டு டிவியில் போட்டேன்.

குழந்தைக்கு டிவி காட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகளுக்கு டிவி தெரியாதபடி திருப்பி உட்காரவைத்து, பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டே நான் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. டிவி பார்க்கும் என் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அது அதைவிடக் கெடுதலோ என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

என் மாமியார் வயலிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனார் போனபிறகு எங்கள் மூன்று மா நிலத்தையும் மேற்கொண்டு ஆறு மா குத்தகையையும் பார்ப்பது அவர்தான். மாமனாரின் அண்ணன் நிலத்துக்குப் பங்கு கேட்டு வந்தபோது, தாலுகா ஆபீசுக்கு இரண்டு வருஷம் நடந்து பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டவர். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் கிடையாது.

"யாருடி இவன், தொப்பிய கையில வச்சிக்கிட்டு நிக்கிறான்?"

"தூரத்துச் சொந்தம் அத்தை. இந்த வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாரு. வீடு இவனுக்குத்தான் வரப்போவுது."

"ரெண்டு பொண்ணு உக்காந்திருக்கே, அதுங்களுக்கு?"

"பொண்ணுங்களுக்குக் கெடையாதாம். அந்தக் காலத்துச் சட்டம்."

"பட்டா யாரு பேர்ல இருக்கு?"

"அதெல்லாம் இதுல வராது அத்தை."

"வராதா? பின்ன இம்புட்டு நேரமா என்னத்தப் பேசுறாளுவோ?"

நான் கொஞ்சம் யோசித்து, "மழை வருமான்னு பேசுறாங்க" என்றேன்.

உண்மையில் அதைத்தான் பேசினார்கள். வந்தவன் வீட்டை எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான் என்று அக்காவுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும், டீத்தட்டோடு வரும் வேலைக்காரருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. மழையைப் பற்றியும் ரோஜாச் செடியைப் பற்றியும் பேசினார்கள். என் நோட்ஸில் இதற்குப் பெயர் நுட்பமான உரையாடல். அத்தை வைத்த பெயர் வேறு.

"திருட்டு முழி முழிக்கிறான் பாரு. டீயக் குடிச்சிக்கிட்டே சுவத்த அளக்குறான். இவனுக்கு எதுக்கு டீ குடுக்கிறா?"

"மரியாதைக்குத்தான்."

"ஒங்க பெரிய மாமனாருக்கும் இப்படித்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டுத்தான் பங்கு கேட்டாரு. எப்பப் பாத்தாலும் டீ. சோறு எப்பத்தான் திம்பாளுவோ?"

நான்கு மதியங்கள், நான்கு பகுதிகள். செவ்வாய்க்கிழமை அத்தை நடவு ஆள் பேசப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்காம் பகுதியில் அந்த அறையைவிட்டு முதல்முறையாக வெளியே வந்தார்கள். தோட்டத்தில் நல்ல மழை. அக்கா அவன் கையிலிருந்த பத்திரத்தைப் பிடுங்கிக் கிழித்துச் சேற்றில் போடுகிறாள். அவன் குனிந்து பொறுக்குகிறான். எனக்குக் கண் கலங்கியது. அத்தை, "அது நகலா இருக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நீலக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு போனேன். பச்சைதான் முதலில் கட்டினேன், மாற்றினேன். பஸ்ஸில் போகும்போது பச்சையே நன்றாக இருந்திருக்குமோ என்று தோன்றியது.

வகுப்பில் இரண்டாமாண்டு மாணவிகள் முப்பது பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில் கல்லூரி முதல்வர், ஆங்கிலத் துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான பேராசிரியர். முதல் இரண்டு பேரும் பெண்கள். பேராசிரியர் மட்டும் மடியில் புத்தகம் வைத்திருந்தார்.

கரும்பலகையில் தலைப்பு எழுதினேன். ஆசிரியரின் காலம், சமூகப் பின்னணி, கதைச் சுருக்கம், பின்னிப் பிணைதல் எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வகுப்பு செத்துவிட்டது. முதல் வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். முதல்வர் போனை எடுத்துப் பார்த்தார். மூன்றாவதும் போகிறது என்று எனக்கே தெரிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் கேட்டேன்:

"சரி, இந்த வீட்டுப் பட்டா யார் பேர்ல இருக்கும்னு நெனைக்கிறீங்க?"

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"செத்துப்போன அப்பா பேர்ல மிஸ்."

"அப்ப வாரிசு சான்றிதழ் வாங்கணும்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அவங்க ஊர்ல பொண்ணுங்களுக்குப் பங்கு கெடையாதுங்கறாங்கல்ல?"

"அதுக்காக வி.ஏ.ஓ.வக்கூடப் பாக்காம உக்காந்து டீ ஊத்திக் குடுப்பாங்களா?"

தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க சித்தப்பாவும் இப்படித்தான் மிஸ், விருந்தாளி மாதிரிதான் வந்தாரு. ரெண்டு நாள் இருந்தாரு. மூணாம் நாள் மாட்டக் கொண்டாந்து கொல்லையில கட்டிட்டாரு!"

வகுப்பே சிரித்தது. முதல்வர் போனைக் கைப்பையில் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் என்ன இழப்பாள், பேசாதவர்கள் மழையைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்றெல்லாம் கேட்டேன். முப்பது பேரும் பதில் சொன்னார்கள். நோட்ஸில் இல்லாததையெல்லாம் சொன்னார்கள். அந்த வேகத்தில் மழைக்காட்சிக்குப் போனேன். பத்திரம் கிழிவதையும் அவன் சேற்றில் குனிவதையும் கையாலேயே நடித்துக் காட்டினேன்.

"ரொம்ப அழகான காட்சி" என்றார் துறைத்தலைவர், பின்வரிசையிலிருந்து சத்தமாகவே.

பேராசிரியர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இது எந்த அங்கம்மா?"

"நாலாவது அங்கம் சார்."

"இதுல மொத்தமே மூணு அங்கம்தானேம்மா இருக்கு."

அவர் தொடர்ந்தார், "தோட்டமும் இல்ல, மழையும் இல்ல. முழுக்க அந்த ஒரே அறையிலதான் நடக்குது. கடைசியில அக்கா சாவிக்கொத்த மேசையில வச்சிட்டுப் போறா. அவ்வளவுதான்."

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "சில பதிப்புகள்ல..."

"எந்தப் பதிப்புலயும் இல்ல மேடம்."

துறைத்தலைவர் நீட்டிய கையை நானும் பிடித்திருக்கலாம். வேறு பதிப்பு சார், ஊரில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் மாமியாராக இருந்தால் பதிப்பகத்தின் பெயரே சொல்லியிருப்பார். எனக்குப் பொய் சட்டென்று வராது. அது நேர்மை ஒன்றும் இல்லை. பொய் சொல்வதற்கு முன் பத்து முறை யோசிப்பேன், அதற்குள் நேரம் போய்விடும்.

"டிவியில பாத்தேன் சார். நாலு பகுதியா இருந்தது. ஒரு பகுதி ஒரு அங்கம்னு நெனைச்சிட்டேன். புத்தகத்துல ரெண்டு பக்கம்தான் படிச்சேன்."

"ஏம்மா, படிக்கறதுக்கென்ன?"

"ரெண்டரை வயசுல பொண்ணு இருக்கா சார்."

மாணவிகள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே பேராசிரியரின் குரல்தான் அதிகம் கேட்டது. அரைமணி நேரத்தில் ஐந்து தடவை எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று உட்கார்ந்தேன். துறைத்தலைவர் முதலில் வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து குனிந்தார்.

"அந்த வீடியோ லிங்க் இருந்தா எனக்கு அனுப்புங்கம்மா. எனக்கு ரெண்டாவது பகுதி கெடைக்கவே இல்ல."

பிறகு முதல்வர் கூப்பிட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நாடகத் தாள் ஒங்களுக்குக் கெடையாது. அதுல சார் ரொம்பக் கண்டிப்பா இருக்காரு, அவர் சொல்றது நியாயமும்கூட. முதலாமாண்டுக்குப் பொது ஆங்கிலம் எடுக்க ஆள் வேணும். கடிதம் எழுதறது, விண்ணப்பம் எழுதறது. இலக்கியம் கெடையாது. ஆனா இந்தப் புள்ளைங்க வாயத் திறந்து நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். திங்கட்கிழமை சேரணும். வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றீங்களா?"

வீட்டில் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. திங்கட்கிழமை எங்கள் நடவு. அன்று அத்தை வயலில் நிற்கவேண்டும். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. இதெல்லாம் தெரிந்தும், "வந்துடறேன் மேடம்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக யோசிப்பதற்கு முன்னால் பேசியிருந்தேன். பஸ் ஏறியபிறகு முக்கால் மணி நேரமும் அதையே யோசித்தேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"திங்கக்கெழமையா? என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல அத்தை."

"புள்ளய யாரு பாப்பா? அந்தக் காலேசுக்காரியா?"

அழுகை வரும்போல் இருந்தது. சரி, போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம், ஒரு பொய்க்காவது யோசிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அத்தை மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார்.

"வரப்புல சாக்கப் போட்டு உக்கார வைக்கிறேன். சேத்துல விழுந்தா விழுவுது, கழுவிக்கலாம். ஆனா மதியானத்துக்குச் சோறு நீதான் கட்டி வைக்கணும். நடவாளுவோளோட சேத்து என்னால புள்ளக்கிப் பருப்பு கடைஞ்சிக்கிட்டு நிக்க முடியாது."

திங்கட்கிழமை விடியற்காலையில் பருப்பு கடைந்து, சோற்றை ஒரு பையில் கட்டி வைத்தேன். தொப்பி, மாற்றுத் துணி மூன்று செட், கொசுக்கடி மருந்து, காய்ச்சல் மருந்து, காய்ச்சிய தண்ணீர் எல்லாம் இன்னொரு பையில் வைத்தேன். வாய்க்கால் பக்கம் விடாதீர்கள் என்று நாலு தடவை சொன்னேன். ஐந்தாம் தடவை அத்தை, "நான் மூணு பெத்தவ" என்றார்.

முதல் வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். விடுமுறை விண்ணப்பக் கடிதம். 'மதிப்பிற்குரிய அம்மா' வரை வந்தபோது மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. அத்தை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. முன்வரிசைப் பெண் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய்க்கால், பாம்பு, வெயில், தொண்டையில் அடைத்த சோறு என்று எல்லாமே என் கண்முன் வந்து போயின. போனைக் கவிழ்த்து வைத்தேன். "எதற்காக விடுமுறை வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்" என்றேன். அந்தப் பீரியட் முடிய இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எடுக்கவில்லை.

மணி அடித்ததும் வராந்தாவுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"ஊறுகாய எந்தப் பையில வச்ச?" என்றார் அத்தை.