இடி இடித்தால் என்ன மூட்?

போன ஞாயிறு எங்கள் ஆங்கில வகுப்பின் புது பேட்ச் தொடங்கியது. நூலகத்தின் பின்னறை. ஓட்டை ஃபேன். பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதப்போகிற பெரியவர்கள் சிலர். என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிவகாசியில் நிறையப் பேர் உண்டு. ஆனால், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சும்மா இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று என் மனைவி யாரிடமோ சொல்லிவிட்டதால் இந்தப் பதவி.

பாடம் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். அதாவது, ஒரு பத்தியைக் கொடுத்துவிட்டு, "உனக்கு என்ன புரிந்தது?" என்று கேட்பார்கள். நமக்குப் புரிந்ததை எழுதினால் மார்க் கிடையாது. அவர்களுக்குப் புரிந்ததை எழுத வேண்டும்.

இது எனக்கே சென்ற வருஷம்தான் தெரிய வந்தது. முத்துலட்சுமியால்.

முத்துலட்சுமி பக்கத்து விஸ்வநத்தத்துக்காரர். முப்பது வயதிருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். ஆங்கிலம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசல் வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது பாஸானால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு கைடிலிருந்து ஒரு பத்தி எடுத்தேன். வானம் இருட்டுகிறது. இடி இடிக்கிறது. ஒரு சிறுவன் ஜன்னலோரம் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. கீழே கேள்வி – இந்தப் பத்தியின் மூட் என்ன?

மூட் என்றால், படிக்கும்போது மனசில் உண்டாகிற உணர்வு என்று விளக்கினேன். நானும் ஏதோ சீமையில் படித்தவன் மாதிரி கையை ஆட்டி, கண்ணை மூடி... வேண்டாம், விடுங்கள்.

"சந்தோசம் சார்" என்றார் முத்துலட்சுமி.

"இடி இடிக்குதும்மா."

"ஆமா சார். அதான் சந்தோசம்."

கைடைப் பார்த்தேன். பயம், கலக்கம் என்று போட்டிருந்தது. போதாததற்கு, இடி என்பது வரப்போகும் ஆபத்துக்கு முன்னறிவிப்பு என்று இன்னொரு விடையும் இருந்தது.

"இடி இடிச்ச பெறகு என்ன சார் ஆபத்து?" என்றார் அவர். "இடி கேட்டா, மின்னல்ல மருந்து பத்திக்கிடும்னு கம்பெனியில பெல் அடிச்சிருவாக. அம்புட்டுப் பேரும் ரூமை விட்டு வெளிய வந்துரணும். அப்புறம் வேலை கிடையாது. சின்னதுல எங்கம்மா கம்பெனிக்குப் போகும். இடிச் சத்தம் கேட்டா நாங்க தெரு முக்குக்கு ஓடிருவோம். அன்னைக்கு மட்டுந்தான் எங்கம்மா பகல்ல வீட்டுக்கு வரும்."

"அப்போ வெயில் அடிச்சா?"

"நல்லா சுள்ளுன்னு அடிக்கும்ல, காத்தே இல்லாம... அன்னைக்குத்தான் சூட்டுல மருந்து பத்திக்கிடுமோன்னு, எங்கம்மா வீடு வந்து சேர்ற வரைக்கும் எங்களுக்குப் பயம்."

கைடில் அடுத்த பக்கம் ஒரு வெயில் பத்தி இருந்தது. மூட்: உற்சாகம். அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் திருப்பிவிட்டேன்.

பின்வரிசையில் செல்வம் இருந்தார். அச்சாபீஸில் மிஷின் ஓட்டுபவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒனக்கென்னக்கா, லீவு. எங்களுக்கு இடி இடிச்சாக் கரண்டு போயிரும். பாதி அச்சுல ஷீட்டு மாட்டிக்கிடும். அப்ப மொதலாளி வாயில என்ன மூடு வரும்னு எழுதுனா, இந்த கைடு பத்தாது."

"அது ஒன் மொதலாளி மூடுலே. சார் பத்தியோட மூடைக் கேக்காக."

"பத்தி எந்த ஊர்ல நடக்குன்னு போடலையே?"

செட்டிங், அதாவது கதை நடக்கிற இடம் என்ற பாடத்தை நான் அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். அவர்களே நடத்தி முடித்துவிட்டார்கள்.

எனக்கு அரிப்பு எடுத்துவிட்டது. இடி இடித்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். மனைவி, "மாடியில வத்தல் காயுது" என்றாள். எதிர்வீட்டுக்காரருக்கு மல்லாங்கிணறு பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அவர், "வெறும் இடியா, மழையோடவா?" என்று திருப்பிக் கேட்டார். பட்டாசு ஆலை வைத்திருக்கிற நண்பர் கொஞ்சம் யோசித்தார்.

"சீசன் நேரத்துல இடிச்சா லோடு நிக்கும், ஆர்டர் போயிரும், எரிச்சலா வரும். ஆனா பெல் அடிச்சு எல்லாரும் வெளிய வந்துட்டாகன்னு ஃபோர்மேன் சொன்ன பெறகு ஒரு மூச்சு விடுவேன் பாருங்க... ரெண்டையும் எழுதிக்கோங்க."

எழுதலாம்தான். விடைத்தாளில் இடம் ஒரு வரிதானே இருக்கிறது?

பரீட்சை நெருங்கியது. முத்துலட்சுமியிடம் தனியாகச் சொன்னேன்: "இப்படிக் கேள்வி வந்தா பயம்னு எழுதிருங்கம்மா. வம்பு வேண்டாம்."

"பொய்யா எழுதச் சொல்றீக?"

"மார்க் எழுதச் சொல்றேன். திருத்துறவருக்கு உங்க கம்பெனி பெல் தெரியாதுல்ல?"

அவர் நோட்டை மூடி வைத்தார். நான் ஏதோ பெரிய உண்மையைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"என் மக மூணாப்பு படிக்கா சார்" என்றார். "போன வாரம் இடி இடிச்சதும் பெல்லடிச்சு எங்களை அனுப்பிட்டாக. வந்து பாத்தா, தெரு முக்குல நிக்கா. நான் நின்ன அதே எடம். என்னைப் பாத்ததும் அம்புட்டுச் சிரிப்பு. எனக்குத்தான் சிரிக்க முடியல. அவளும் இடிக்குக் காத்துக் கெடக்கணுமா சார்? அதுக்குத்தான் இந்த இங்கிலீசு."

நான் கைடை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பரீட்சையில் இடி வந்தே விட்டது. புயல் நேரம், ஒரு பையன் கட்டிலுக்கடியில் ஒளிகிறான். அவன் மனநிலை என்ன, ஏன்? எழுதி முடித்து முத்துலட்சுமி நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பயம்னு எழுதிட்டேன் சார்."

"அப்பாடா. ஏன்னு கேட்டதுக்கு?"

"இந்தப் பையனோட அம்மா பட்டாசு வேலைக்குப் போகலை, அதான் பயப்படுதான்னு எழுதினேன். இங்கிலீசுலதான் சார்."

என் மனைவி உள்ளேயிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பத்தியில் சொல்லாததை, பத்தியில் சொன்னதிலிருந்து ஊகிக்க வேண்டும் – இன்ஃபரன்ஸ் என்று இதைத்தானே நாலு வாரம் கத்திக்கொண்டிருந்தேன்? ஊகித்துவிட்டார். ஆனால் மார்க்? அதை என்னால் ஊகிக்க முடியவில்லை. ரிசல்ட் வருகிறவரை எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. என் பரீட்சைக்குக்கூட நான் இப்படிக் கிடந்ததில்லை. என் மார்க் பட்டியலைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.

பாஸ். பெரிய மார்க்கெல்லாம் இல்லை. மயிரிழை. அந்த இடிக் கேள்விக்கு மார்க் விழுந்ததா என்பது, எந்த ஊரிலோ சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆசிரியருக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இடி இடித்தால் என்ன நடக்குமோ?

அப்புறம் மனுப் போட்டு, நேர்காணல் போய், நடையாய் நடந்து... முத்துலட்சுமி இப்போது அங்கன்வாடியில் இருக்கிறார். இந்த வாரம் மச்சினன் மகள் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க விஸ்வநத்தம் பக்கம் போனவன், எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு விசயம்" என்றார். "நேத்து சாயங்காலம் இடி இடிச்சுச்சுல்ல? எம் மக அலறிட்டா. ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல."

"அடடா."

"என்னத்துக்கு அடடா? இப்பத்தான் சார் மத்த பிள்ளைக மாதிரி பயப்படுதா."

சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் மாதிரியும் இருந்தது. நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் மூட் என்ன என்று எந்தப் பரீட்சையிலாவது கேட்டால் – நான் ஃபெயில்.