பல்லுக்கு ஒன்றுமில்லை

கம்பெனி கேப் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். போன வருடம் தொடங்கியது. கை ஜில்லிட்டுப் போகும், மூச்சு பாதியில் நிற்கும். பயந்துபோய் ஈசிஜி எடுத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது, இது மன அழுத்தம், ஓர் ஆலோசகரைப் பாருங்கள் என்றார் டாக்டர்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டார்கள். "ஹார்ட்டுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க இல்ல, அப்புறம் இன்னா?" என்றாள் அம்மா. மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடியே வரவில்லை, அதனால் திருஷ்டி கடுமையாம். பக்கத்து வீட்டு அத்தை ஒருபடி மேலே போய், "ஏசி ரூம்ல குந்திக்கினு வேலை, உனக்கு இன்னாம்மா டென்ஷன்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே நேரத்தில் நான்கு வாடிக்கையாளர்களிடம் சாட்டில் திட்டு வாங்கி, நான்கு பேருக்கும் நன்றி என்று டைப் அடிப்பதுதான் என் வேலை. அத்தை ஒரு நாள் வந்து அடித்துப் பார்க்கட்டும்!

யாரையும் கேட்காமல் ஆலோசகரிடம் போனேன், சனிக்கிழமைதோறும். "தைரியமா இருங்க" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. படபடப்பு வரும்போது அதனோடு மல்லுக்கு நிற்காமல் இருக்கப் பழக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக மேம்பாலம் சாதாரண ரோடாகி வந்தது.

அம்மாவோ நான் பல் டாக்டரிடம் போவதாக எங்கள் ஏரியா மர்பி டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டேன். வரன் பார்த்தது தங்கைக்கு. அக்கா மனசுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று தெரிந்தால், குடும்பத்துக்கே மூளைக்கோளாறு என்று பேசுவார்களாம்.

ஒக்கலிபுரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. தங்கை பையனோடு போனில் பேசியிருந்தாள், ரொம்பப் பிடித்திருந்தது. ராகு காலம் கழித்து சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். சரியாக நான் ஆலோசகரிடம் போகிற நேரம்.

"இந்த ஒரு வாரம் போகாதடி. உன் தங்கச்சி வாழ்க்கை!"

"எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர்கள் கேசரிபாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே போயிருந்தாய் என்று பையனின் அம்மா கேட்டார். நான் வாய் திறக்குமுன் எங்கம்மா முந்திக்கொண்டாள். "பல் டாக்டர்கிட்ட."

"ஹௌதா, அப்படியா? எந்தப் பல்லு? எனக்கும் கடவாப்பல்லு உயிரு போவுது. டாக்டர் கைராசிக்காரரா?" என்று அந்த அம்மா ஆசையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இப்படிக் கேட்கிற மனுஷியிடம் எந்தப் பல்லைக் காட்டுவது? "பல்லுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. நெஞ்சு படபடப்பு. மனநல ஆலோசகரைப் பாத்துட்டு வரேன். இப்போ எவ்வளவோ தேவல" என்றேன்.

தட்டுகள் கீழே இறங்கின. "வீட்டுல பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நிறுத்தட்டும் என்று இருந்தேன். தங்கை அழுததைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பிடித்த பையன் அவன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தினமும் அவள் எழுவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பினேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் ஆலோசகரிடம் போனேன்.

சில வாரங்களில் இன்னொரு ஜாதகம் பொருந்தியது. அம்மா என் பக்கம் திரும்பாமலே தங்கையிடம் சொன்னாள்: "இந்தத் தபா அவங்க வர்றப்போ உங்கக்கா வூட்டுலயே இருக்கக் கூடாது, சொல்லிடு."

தங்கை தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டே பதில் சொன்னாள். "அக்கா எங்க போறான்னு அவங்களுக்கு நானே போன் பண்ணி சொல்லிட்டேம்மா. வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அக்கா இங்கதான் இருப்பா."