கரண்டு போன பிறகும் தொங்கிய ரோபோ

முதல் போட்டியில் எங்களைத் தோற்கடித்தது எதிரணி இல்லை, கடைசி ஐந்து விநாடிதான்.

விதி எளிமையானது. ஆட்டம் முடியும் நேரத்தில் ரோபோ, களத்தின் நடுவிலுள்ள இரும்புக் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும். மணி அடித்ததும் எல்லா ரோபோக்களுக்கும் மின்சாரம் நின்றுவிடும். பிறகு நடுவர் ஐந்து வரை எண்ணுவார். எண்ணி முடித்த பிறகும் சக்கரம் தரையில் படாமல் இருந்தால்தான் புள்ளி.

எங்கள் ரோபோ அழகாகத்தான் ஏறியது. கைதட்டல்கூடக் கேட்டது. மணி அடித்தது, மோட்டார் அடங்கியது. நடுவர் "டூ" என்று சொல்லும்போதே அது மெதுவாக இறங்க ஆரம்பித்தது. "ஃபோர்" சொல்வதற்குள் நான்கு சக்கரமும் தரையில். களைத்துப்போய் உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. அந்த இறக்கத்தைத் தடுக்க நான் எதையுமே செய்துவைக்கவில்லை. தூக்கும் கையை வரைந்து, வெட்டி, பொருத்தியது நான்தான்.

நாங்கள் மூன்று பேர், ஒரே கல்லூரி, கடைசி வருடம். ரோபோவை ஓட்டுபவன் காஜாங்கிலிருந்து ரயிலில் வருகிறவன். புரோகிராம் எழுதுபவள் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டில் வளர்ந்தவள். என் வீடு கிள்ளான் துறைமுகத்துப் பக்கம், பண்டமாரானில்.

தோற்ற மறுநாள் கேன்டீனில் சண்டை. "மோட்டாருக்கு பிரேக் மோடு இருக்கு. ரெண்டு லைன் மாத்தினா போதும்" என்றாள் அவள்.

"கரண்டே போயிடுச்சுன்னா உன் ரெண்டு லைன எவன் படிப்பான் லா?"

"அப்போ உன்கிட்ட என்னா ஐடியா இருக்கு, சொல்லு."

யோசனை எதுவும் இல்லாததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

காஜாங்காரன் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேரும் கத்தி முடிச்சதும் சொல்லுங்க. தோத்தாலும் இறுதிச் சுற்றுல நம்ம பேரு இருக்கு. அதுக்கு மூணு வாரம்தான்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லோரி. சரக்கை இறுக்கிக் கட்டும் பெல்ட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவர் கேட்டதால் ஒன்றை எடுத்துச் சுற்றி வைக்கப் போனேன். பெல்ட்டின் நடுவிலிருந்த இரும்புப் பிடியை இரண்டு முறை ஆட்டினேன். டிக், டிக் என்று பெல்ட் இறுகியது. கையை எடுத்தேன். இறுகியது இறுகியபடியே நின்றது.

பல வருடங்களாகப் பார்த்த சாமான்தான். அன்றைக்குத்தான் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பல் சக்கரம். அதன் பல்லுக்குள் ஒரு சிறிய இரும்பு நாக்கு விழுந்து உட்கார்ந்திருந்தது. சக்கரம் ஒரு பக்கம்தான் சுற்ற முடியும், மறுபக்கம் சுற்ற அந்த நாக்கு விடாது. அதற்குக் கரண்டும் வேண்டாம், புரோகிராமும் வேண்டாம்.

"அண்ணே, இது ஒண்ணு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"ரோபோவுக்கு."

அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இது பத்து டன் இரும்பயே அசையாம புடிச்சிருக்கும். உன் பொம்மை எத்தன கிலோ?"

"பதினாறு."

"அப்போ தாங்கும் லா. எடுத்துட்டுப் போ" என்று சிரித்தார்.

அந்தப் பிடியை அறுத்தெறிந்தேன். பல் சக்கரத்தோடு எங்கள் மோட்டாரைச் சங்கிலியால் இணைத்தேன். சக்கரம் பெல்ட்டைச் சுருட்டினால் நீண்ட கை உள்ளே இழுபடும், ரோபோ மேலே போகும். பெரிய சிக்கல் பிறகுதான் வந்தது. கை முதலில் மேலே நீண்டால்தான் கம்பியைப் பிடிக்கும். நீள வேண்டுமானால் பெல்ட் தளர வேண்டும். நாக்கு அதைத் தளர விடவில்லை. இறங்காமல் இருக்கச் செய்ததே ஏறவும் விடாமல் நின்றது. ஐந்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு சின்ன ஊசியைச் செருகி நாக்கைத் தூக்கி வைத்தேன். ஊசியைத் தூண்டில் நரம்பால் கையோடு கட்டினேன். கை முழுசாக நீண்டதும் நரம்பு இழுபட்டு ஊசி உருவிக்கொள்ளும், நாக்கு பல்லில் விழும். அதன் பிறகு ஏறலாம், இறங்க முடியாது.

கல்லூரிப் பட்டறை சனிக்கிழமை பூட்டியிருக்கும். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டுக்குக் கீழே, பிள்ளைகள் தொங்கி விளையாடும் கம்பியில் சோதித்தோம். ரோபோ கையை நீட்டியது, பிடித்தது, ஏறியது. புரோகிராம் எழுதியவள் தானே போய் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். ஐந்து எண்ணினோம். ஐம்பது எண்ணினோம். அசையவில்லை.

"சாப்பிட்டு வந்து பார்ப்போம்" என்றான் காஜாங்காரன். பக்கத்துப் பெஞ்சில் ஓர் அங்கிள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனோம்.

திரும்பி வந்தபோது ரோபோ அங்கேயே தொங்கியது. அதன் கையில் அவருடைய காய்கறிப் பையும் தொங்கியது.

"நல்லா வெயிட் தாங்குது லா. என் பாசார் பையையும் மாட்டிப் பார்த்தேன்" என்றார் அவர், சான்றிதழ் கொடுக்கிற தோரணையில்.

புரோகிராம் எழுதியவள் என் தோளில் ஒரு குத்து விட்டாள். "சரி, நீ சொன்னதுதான் சரி. இனிமே பிரேக் மோடு பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

கோலாலம்பூரில் நடந்த இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எதிரணியைவிட நாங்கள் பின்தங்கித்தான் இருந்தோம். காஜாங்காரன் கம்பிக்குக் கீழே வந்து சேரும்போது மிகக் கொஞ்ச நேரமே மிச்சம். கை நீண்டது. ஊசி உருவிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். "ஏறு, ஏறு, ஏறு" என்று நான் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். நான்கு விரல் உயரம்தான் ஏறியிருந்தது, மணி அடித்துவிட்டது.

கரண்டு போனது. அந்தப் பக்கம் எதிரணி ரோபோ எங்களுடையதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் தொங்கியது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். மூன்றில் அது சரியத் தொடங்கியது. எங்கள் ரோபோவின் சக்கரங்களை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஃபைவ்." எதிரணியின் சக்கரம் தரையில். நடுவர் குனிந்து ஒரு அட்டையை எங்கள் ரோபோவுக்கு அடியில் விட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இழுத்தார். எங்கும் தட்டவில்லை. எங்கள் பக்கம் கையைத் தூக்கினார். அந்தப் புள்ளியில் ஆட்டம் எங்களுடையது.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. காஜாங்காரன் ரிமோட்டைக் கீழே போட்டதும், மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்ததும் நினைவிருக்கிறது. எதிரணிப் பெண் வந்து கம்பிக்குக் கீழே முழங்காலிட்டு அண்ணாந்து பார்த்தாள். "எப்படி நிக்குது?" நாக்கைத் தொட்டுக் காட்டினேன். "ஐயோ, இவ்வளவுதானா!" என்றாள்.

அடுத்த ஆட்டத்துக்குக் களம் வேண்டும், ரோபோவை இறக்குங்கள் என்று ஒரு தொண்டர் அவசரப்படுத்தினார்.

"ஒரு நிமிஷம் பாஸ்" என்றேன். அது கரண்டு இல்லாமல் தொங்குவதை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க ஆசையாக இருந்தது.