படப்பைத் தோட்டத்து ஒயின்

பஸ் பஞ்சராகி படப்பையில் நிற்கிறது. ரோட்டோரத் திராட்சைப் பந்தலில், தோட்டத்துக்காரரான ஸ்டெல்லா டீச்சர் பச்சைக் கொடிகளை மொட்டையடிக்கிறார். பார்க்கவே பகீரென்கிறது. இந்தப் பழத்தில்தான் சர்ச் பூசைக்கு ஒயின் போடுகிறாராம். மதுவிலக்குச் சட்டத்தில் பூசை ஒயினுக்கென்று தனி பர்மிட். எனக்கு மருந்து போல ஒரு ஸ்பூன் ஊற்றுகிறார். புளிப்பு நாக்கைச் சுருட்டுகிறது. விழுங்கியதும் மழை பெய்த ஏரியின் மண்வாசனை.

"வெளியில வாங்கின பழம் கலந்தா இனிக்குமே டீச்சர்?"

"இனிக்கும். ஆனா எங்க ஒயினா இருக்காது சார். போன தடவை கொடியை வெட்ட மனசு வரலை, வெறும் இலைதான் வந்தது, பழமே இல்லை. இதுதான் கடைசி பாட்டில்."

வெட்டிய நுனிகளில் நீர் சொட்டுகிறது.

"அழுவுதே!" என்கிறேன்.

"அழலை சார். வேர் முழிச்சுக்கிச்சு. இனிமே பூக்கும்."