அன்ரி கேட்டு வாங்கிய கையெழுத்துகள்

ஹோம்புஷில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுகிறவர்கள், "அன்ரி, உங்கட கைப்பக்குவம் தனிதான்" என்று கல்லாவில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எல்லாரும் அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்று கூப்பிடும் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். போர்க்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, இருபது வருஷம் தனியாளாக அடுப்படியில் நின்று அந்தப் பெயரைச் சம்பாதித்தவர். தோள்பட்டை மக்கர் செய்த பிறகு, மதுரையிலிருந்து வேலை விசாவில் என்னை செஃப்பாக எடுத்தார்.

நான்கு வருஷமாக மெனு போடுவது முதல் குழம்பு இறக்குவது வரை நான்தான். பாராட்டு மட்டும் அவருக்கு. "ஓம், என்ட கைதான்" என்று கூசாமல் வாங்கிக்கொள்வார். "டிப்ஸ்லகூடப் பங்கு தர்றாங்க, பாராட்டுல ஒரு சொட்டு கெடையாது" என்று மனைவியிடம் கிண்டல் செய்வேன்.

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான எங்கள் பிஆருக்கும் அவரே ஸ்பான்சர். விண்ணப்பம் போட்டிருந்த சமயம், ஒரு மதியம் குடிவரவு அலுவலகத்திலிருந்து எனக்கு போன். மெனுவை யார் முடிவு செய்கிறார்கள், கிச்சன் யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டார். அன்ரி எதிரில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வயதில் மூத்தவர், சோறு போடுகிறவர். அவர் முகத்துக்கு நேராக 'எல்லாம் நான்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் மேடம்தான், நான் கூடமாட ஒத்தாசை" என்று பணிவாக ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். நல்லபடியாகப் பேசிவிட்டோம் என்று பெருமை வேறு.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நான் செய்வது செஃப் வேலையாகத் தெரியவில்லை, விண்ணப்பத்தை நிராகரிக்கப் போகிறோம், விளக்கம் இருந்தால் தரலாம். நிராகரித்தால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடு நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"உமக்கு விசரே தம்பி?" என்று அன்ரி கத்தினார். "எனக்கு மரியாதை குடுக்கப்போய் பிள்ளையின்ட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டீரே!"

வாடிக்கையாளர்களின் சாட்சிக் கடிதங்கள் உதவும் என்றார் விசா ஏஜென்ட். 'இருவரும் சேர்ந்தே சமைக்கிறார்கள்' என்று அன்ரியின் மானத்தைக் காப்பாற்றி ஒரு வாசகமும் எழுதித் தந்தார். அன்ரி அதைப் பேனாவால் அடித்துவிட்டு வேறு எழுதினார்.

ஞாயிறு மதியம், கடை நிறைந்திருந்த நேரத்தில், கடிதங்களோடு மேசை மேசையாகப் போனார்.

"அன்ரி, பகிடி விடாதேங்கோ" என்று ஒரு பழைய வாடிக்கையாளர் சிரித்தார்.

"பகிடி இல்லை. நாலு வருஷமா நான் ஒரு சட்டி தூக்கேல்லை. நீங்கள் புகழ்ந்ததெல்லாம் இந்தத் தம்பிக்குச் சேர வேண்டியது. வெக்கமில்லாமல் நான் வாங்கி வச்சிருந்தனான். வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து வையுங்கோ."

கிச்சன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்த கிண்டல்களெல்லாம் நினைவுக்கு வந்து கூசியது.

சில மாதங்களில் பிஆர் கிடைத்தது. மின்னஞ்சலைக் காட்ட ஓடினேன். கண்ணாடியைப் போட்டு முழுசாக வாசித்தார்.

"இனி நீர் என்னட்டத்தான் நிக்கோணும் எண்டில்லை தம்பி. சொந்தமா ஒரு கடை போட்டாலும், இஞ்ச வாற சனம் உமக்குப் பின்னால வரும்."

கையெழுத்துக் கேட்டுப் போன அன்றே அவருக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், சத்தியமாக, அந்த ஏஜென்ட் எழுதித் தந்ததையே கொடுத்திருப்பேன்.