வெள்ளகோவிலைச் சுற்றிப் போகிறவர்

கரூர் தாண்டியதும் கிருபாசங்கர் விமானத்தின் மூக்கை வடக்கே திருப்புவார். கோயமுத்தூருக்கு நேர் மேற்கே போனால் போதும், கீழே ரோடே வழி காட்டும். ஆனாலும் நொய்யலைப் பிடித்துக்கொண்டு சென்னிமலைக் குன்று வரைக்கும் ஒதுங்கிப் போய், காங்கேயத்தைக் கடந்த பிறகுதான் பழைய பாதைக்கு வருவார். பக்கத்து சீட்டில் யாராவது இருந்து, "ஏனுங்க கேப்டன், எதுக்குங்க இந்தச் சுத்து?" என்று கேட்டால், "அந்தப் பக்கம் காத்து சரியிருக்காதுங்க" என்பார். காற்றின் மேல் பழி போட்டால் அது வந்து மறுத்துப் பேசவா போகிறது? வெள்ளகோவிலின் மேல் பறக்கக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி வீட்டில் மனைவி மோகனப்பிரியாவோடு இருக்கிறார். நாட்டின் எங்கோ ஒரு மூலையில் யாரோ விற்ற பழைய சின்ன விமானத்தை, இன்னொரு மூலையில் வாங்கியவரிடம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். "புதுசு ஓட்ட ஆயிரம் பேரு இருக்கறாங்க. வயசானதுகளக் கைப்புடிச்சுக் கூட்டியாறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க?" என்பார். புறப்படுவதற்கு முன் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, மோந்தும் பார்ப்பார். பிறகு எஞ்ஜின் மூடியைத் தட்டி, "போலாங்களா அம்மணி?" என்று கேட்பார். இந்த 'ங்க' எந்த ஊர் வானத்திலும் அவரை விட்டுப் போவதில்லை. நாகப்பூர் கட்டுப்பாட்டு அறைக்கும் "ரோஜருங்க"தான். அங்கிருப்பவர்களுக்கு இது என்ன மொழி என்று புரியாவிட்டாலும் மரியாதை என்பது மட்டும் புரிந்துவிடும்.

அவருக்கு ஒரு திமிரும் உண்டு. "கிருபாசங்கர் ஒரு நேரஞ் சொன்னா அந்த நேரந்தானுங்க" என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். மழையோ புயலோ, சொன்ன நாளில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். வாங்கியவர்கள் மாலையும் சந்தனமுமாகக் காத்திருப்பார்கள். அந்த மாலைக்கு அவர் கழுத்து ரொம்பவே பழகிவிட்டது.

வெள்ளகோவில் விவகாரம் அந்தத் திமிரில் வந்ததுதான். கிருபாசங்கர் தாயில்லாப் பிள்ளை. பள்ளிப் படிப்பு முடியும்வரை பெரியப்பா மகள் சாந்தாமணியின் தோட்டத்தில் வளர்ந்தார். வெள்ளகோவிலை அடுத்த தோட்டம். அவள் போட்ட சோறு, அவள் துவைத்த சட்டை. பையன் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்றபோது சொந்தமெல்லாம் சிரித்தது. சாந்தாமணியின் கணவர் நாச்சிமுத்து மட்டும், "ஓட்டட்டுமே, எல்லாருமே மாடு ஓட்டோணுமா?" என்று தன் மொபெட்டில் உட்காரவைத்துக் கோயமுத்தூர் கூட்டிப்போனார். கிருபாசங்கர் முதன்முதலாகத் தனியாக மேலே போன அன்று, நாச்சிமுத்து கம்பிவேலி ஓரம் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார். சக்கரம் தரையைத் தொடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்த நாச்சிமுத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கிருபாசங்கர் அப்போது நாகப்பூரில் இருந்தார். "உங்க நாச்சிமுத்து மச்சான் போயிட்டாருங்க, உடனே கெளம்பி வாங்க" என்று மோகனப்பிரியா போனில் அழுதார். மறுநாள் காலையில் ஒருவரிடம் விமானத்தை ஒப்படைப்பதாக வாக்கு. பூசைக்கு ஐயரெல்லாம் ஏற்பாடாகியிருந்தது. "ஒப்படைச்சுட்டு வந்தர்றேன்" என்றார். ஒப்படைத்தார், மாலை வாங்கிக்கொண்டார், வந்தார். வருவதற்குள் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள்.

சரி, எடுத்த எடுப்பில் போகாவிட்டாலும் பிறகு ஒருநாள் போய்த் துக்கம் கேட்கலாம். அதற்கு வழியுண்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் துக்கம் கேட்கப் போனால் அதற்கென்றே கிளம்பிப் போக வேண்டும். சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "மச்சான் போயிட்டாராமே" என்று விசாரிக்கிற காரியமில்லை அது. அப்படிக் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். கிருபாசங்கருக்கு அதற்கென்று ஒருநாள் கிடைக்கவேயில்லை. முதலில் வேலை இருந்தது. அப்புறம் தை மாதம், பொங்கல் நோம்பி நாளில் போய் அழவைப்பதா என்று தள்ளினார். அப்புறம் இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தள்ளினார். இந்தக் கடைசிக் காரணம் மட்டும் தீரவேயில்லை. நாள் போகப் போகக் கொழுத்துக்கொண்டே போனது.

நடுவில் சாந்தாமணியின் மகன் மதன்குமாருக்குத் திருப்பூரில் கல்யாணம். கேட்காத துக்கம் ஒன்று நடுவில் கிடக்கும்போது கல்யாணப் பந்தலில் போய் உட்கார முடியாது. மோகனப்பிரியா தனியாகப் போய்வந்தார். சேலை மாற்றக்கூடப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா உங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலீங்க" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம்தான் ஆகாயத்தில் அந்தச் சுற்றுப்பாதை ஆரம்பித்தது. மேலேயிருந்து பார்த்தால்கூட அந்த வீட்டு ஓடு கண்ணில் படக் கூடாது என்று அவருக்கு.

இந்த ஆடியில் ஒரு வேலை வந்தது. போபாலுக்கு அந்தப் பக்கம் மூடிப்போன பறக்கும் கழகம் ஒன்றில் ஒரு பழைய விமானம். அறுபதுகளில் செய்தது, இரண்டு பேர் உட்காரலாம், இறக்கையெல்லாம் துணி போர்த்தியது. பீளமேட்டு மில்காரர் கோவிந்தராஜுலு இளவட்டத்தில் அதில்தான் ஓட்டப் படித்தாராம். தாத்தா கண்ணிருக்கும்போதே அதைக் காட்டிவிட வேண்டும் என்று பேரன் தேஜா விலைபேசி வாங்கிவிட்டார். "பதினொரு மணிக்கு உங்க தாத்தா முன்னால நிறுத்தறேனுங்க" என்று கிருபாசங்கர் வாக்குக் கொடுத்தார். நாகப்பூர், கடப்பா என்று இறங்கி இறங்கித் திருச்சி வரைக்கும் அலுங்காமல் வந்து சேர்ந்தார்.

திருச்சியில் பெட்ரோல் வண்டி வரத் தாமதமானது. காத்திருந்தால் பதினொரு மணி தவறிவிடும். "ஆடிக் காத்துன்னாலும் நம்மூரு காத்துதானுங்களே, எனக்குத் தெரியாதுங்களா?" என்று இருந்ததை வைத்துக்கொண்டே கிளம்பினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற எதிர்க்காற்று நம்மூர்க்காரன் என்று யாருக்கும் தள்ளுபடி கொடுப்பதில்லை. கரூரைத் தாண்டியபோது கீழே ரோட்டில் போன டவுன் பஸ் அவரை முந்திக்கொண்டு போனது. பெட்ரோல் முள் படுத்துவிட்டது. வடக்கே சுற்றிப் போக எரிபொருள் இல்லை. நேரே போனாலும் காங்கேயம் எட்டாது.

அந்த வட்டாரத்தில் கல்லில்லாத, குழியில்லாத, நீளமான கொறங்காடு எது என்று யாரைக் கேட்க வேண்டும்? சின்ன வயதில் அவர் ஆடு மேய்த்துத் திரிந்த காடு. கிளுவை வேலிக்கு மேலே தாழ்ந்து வந்து, வெள்வேல மரத்தை ஒதுக்கி, சாந்தாமணியின் மேய்ச்சல் காட்டில் பூப்போல இறக்கினார். அவர் வாழ்நாளில் அத்தனை அழகாக இறங்கியதில்லை. பார்த்த செம்மறிகள் மட்டும் பதறி ஓடின.

கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, விசாரித்து, காவலுக்கு நின்றார். பக்கத்துத் தோட்டத்து வெள்ளியங்கிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார்.

"அட, நம்ம கிருபாங்க இது! நாச்சிமுத்துவத் துக்கங் கேக்க ஏரோப்ளேன்லயே வந்துபோட்டாப்ல பாருங்க! நேரமானா என்ன, இப்படி எவன் வருவான்?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மெச்சுகிற முணுமுணுப்பு. பெண்கள் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கிருபாசங்கர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தலை, அந்தப் பாழாய்ப்போன தலை, ஆமாம் என்று ஆடிவிட்டது. மூன்று வருட வெட்கம் இத்தனை மலிவாகத் தீர்கிறதே என்று ஒரு கணம் மனசு குளிர்ந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

சேதி காட்டைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டது. சாந்தாமணி சொம்பில் மோரோடு வேகுவேகென்று வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. வெறும் நெற்றி. அவர் எதிரில் நின்று, மூச்சு வாங்க அவர் முகத்தையே பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரத் துக்கங் கேக்கவா வந்தீங்க தம்பி? மெய்யாலுமா?"

வாடா கண்ணு, தின்னுடா கண்ணு என்றே கேட்டு வளர்ந்த காதில் அந்தத் 'தம்பி'யும் 'வந்தீங்க'வும் சுள்ளென்று விழுந்தன. அதைவிட, அந்த முகத்தில் இருந்த ஆசையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் ஆமாம் என்றால் போதும், அவள் நம்பிவிடுவாள். சாகிற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்படுவாள். கிருபாசங்கர் கூனிக் குறுகிப்போனார்.

"இல்லீங்கக்கா," என்றார். "பெட்ரோல் தீந்துபோச்சுங்க. வேற எடம் இல்லாம எறங்கிப்போட்டேன்."

வெள்ளியங்கிரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்புடீங்களா," என்றாள் சாந்தாமணி. மோர்ச் சொம்பை இறக்கை நிழலில் வைத்தாள். "வெயில்ல நிக்காதீங்க." திரும்பி நடந்தாள். வேகமாக வந்தவள் மெதுவாகப் போனாள்.

அந்த மோரை அவரால் குடிக்க முடியவில்லை. துக்கம் கேட்காத வீட்டில் கை நனைப்பதா? எழுந்து பின்னாலேயே போய்க் கேட்டுவிடலாம் என்றால், பெட்ரோல் தீர்ந்து விழுந்தவன் வந்தது வந்தோம் என்று கேட்பதா? வீட்டுக்குக் கூப்பிடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் ஆகாயத்தில் இருந்ததைவிட எட்டத்தில் இருந்தார். செத்துப்போயிருந்தால்கூட இதைவிட மரியாதையாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

போன் அடித்தது. இறங்கியதுமே அவர் சேதி சொல்லியிருந்த தேஜா.

"கேப்டன், மேலிடத்துல பேசி அனுமதி வாங்கியாச்சுங்க. கேன்ல பெட்ரோல் அனுப்பிட்டேன். காத்துக் கொறைஞ்சதும் சாயங்காலமே எடுத்துட்டு வந்துருங்க. தாத்தா மாலையக் கையில வெச்சுட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

"இன்னைக்கு வர்லீங்க."

"ஏனுங்க? எஞ்ஜின் ஏதாச்சுமுங்களா?"

"எஞ்ஜின் நல்லாத்தானுங்க இருக்குது. நான் ஒரு எடத்துக்குப் போகோணும். நாளைக்கு வந்து பெரியவர்கிட்ட நானே பேசிக்கறேனுங்க."

"நீங்க நேரந் தவற மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றது மறுமுனை. கிருபாசங்கர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

விமானத்துக்குப் பின்னால் போய்ச் சட்டை பேண்டைக் கழற்றி, பையில் எப்போதும் வைத்திருக்கும் வேட்டியைக் கட்டிக்கொண்டார். போலீஸ்காரரிடம், "பாத்துக்கோங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கமாக நடந்தார். வேலித் தடத்தைத் தாண்டி, தார் ரோட்டில் போய் நின்று, பஸ் ஏறி வெள்ளகோவில் போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். குழாயில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். வந்த பஸ்ஸே திரும்பிப் புறப்பட்டபோது அதிலேயே ஏறினார்.

கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, இப்பத்தான எறங்குனீங்க? எதையாச்சும் மறந்துபோட்டீங்களா?"

"அக்கா ஊட்டுக்குப் போறேனுங்க," என்றார் கிருபாசங்கர். "எங்க மச்சான் தவறிட்டாரு. துக்கங் கேக்கோணும்."

"அடடா. எப்பங்க?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டரும் துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நகர்ந்தார்.

காட்டில் இருந்த கூட்டம் அவரை முதலில் பார்த்தது. ஈர வேட்டியோடு, வெறுங்கையோடு, தடத்தில் தலைகுனிந்து வருகிறவரைப் பார்த்து ஒரு பொடியன் சிரித்தான். வெள்ளியங்கிரி அவன் தோளில் ஒன்று வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் கிருபாசங்கர் நின்றார். அங்கெல்லாம் துக்கம் கேட்க வருகிற ஆண் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டுவான். வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று அந்தக் கையைத் தொடுவார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு. இப்போது வரிசையில் நிற்க யாரிருக்கிறார்கள்? மதன்குமார் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தான். வாசலில் மாடு ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கிருபாசங்கர் கைகளைச் சேர்த்து வெறும் வாசலைப் பார்த்து நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை.

சாந்தாமணி மாட்டுத் தொட்டியில் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஈரத் தலையை, வேட்டியை, ரோட்டுப் பக்கமிருந்து வந்த தடத்தை, நீட்டியிருந்த கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளை ஒரு பொம்பளை தொடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. கையைக்கூடக் கழுவாமல் வந்து, புண்ணாக்கு வழியும் இரண்டு கைகளாலும் அவர் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.