ஸ்டோரம்மாவின் மூன்று லாரிகள்

ஸ்டோரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே ஒரு நிமிடம் விழிப்பார். சரக்கு லாரிகளைப் பழுது பார்க்கும் பெரிய பணிமனை ஒன்றில், உதிரிபாகக் கிடங்கின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். மெக்கானிக் சீட்டை நீட்டுவார், அவள் பாகத்தை எடுத்துக் கொடுப்பாள். எந்த அலமாரியில் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூட வண்டியில் மாட்டிப் பார்க்க யாரும் அவளை விட்டதில்லை. ஒருமுறை கேட்டே விட்டாள். அப்போது அங்கே மெக்கானிக்காக இருந்த அவளுடைய சொந்த அண்ணன்தான் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மருந்துக்கடைக்காரன் எல்லாம் ஆப்பரேஷன் பண்ண முடியுமா?" சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் தொண்டையில் அப்படியே நின்றுவிட்டது.

ஐம்பத்தோரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். அதே மாதம் பணிமனையில் ஓடாத வண்டிகளை ஏலம் விட்டார்கள். மூக்கு நீண்ட பழைய லாரிகள் மூன்று, ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. நாற்பது வருடத்துக்கு முன்பு சாலையைக் கலக்கியவை, இப்போது கதவைத் தொட்டால் துரு கையோடு வந்தது. ஊரே புது வண்டிக்கு அலையும்போது இவள் மூன்றையும் இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

சமையலறைச் சுவரில் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டித் திட்டம் எழுதினாள். முதல் வண்டி நாற்றுப் பண்ணைக்காரருக்கு. செடிகளை அடுக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போக அடுக்குத் தட்டுகள், தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கேட்டிருந்த புத்தக வண்டி. மூன்றாவது தாளில் வாங்குபவர் என்ற இடத்தில் 'நாங்கள்' என்று இருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர் படுக்க இடம், ஓர் அடுப்பு, ஒரு பெட்டி.

அவளுடைய கணவர் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுபவர். அதிகம் பேசமாட்டார். மூன்றாவது தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலை வைக்கிற பக்கம் ஜன்னல் வேணும்" என்றார். அவளுக்கு அது போதும். அன்றே பென்சிலால் ஒரு ஜன்னல் வரைந்தாள்.

சிக்கல் இடத்தில் இருந்தது. பின்கட்டு மனையில் பாதி அவளுடையது, பாதி அண்ணனுடையது. அண்ணன் இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், ஊரில் பேர் பெற்ற கை. தன் பாதியில் வண்டி கழுவும் ஷெட் போட நினைத்திருந்தவர், தங்கை மூன்று லாரியை அதன்மேல் நிறுத்தியதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எட்டு மாசம் தர்றேன். அதுக்குள்ள ஒரு வண்டியாவது சொந்த இன்ஜின்ல இந்த கேட்டைத் தாண்டணும். தள்ளிட்டுப் போறது கணக்குல சேராது. தாண்டலைன்னா என் பாதியில என் ஷெட்டு. உன் பாதியில மூணும் நிக்காது, பழைய இரும்புக்காரனைத்தான் கூப்பிடணும்."

"தாண்டும்ணே."

"யாரு மாட்டுவா?"

"நான்தான்."

அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பேசியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்காது.

வேலையைத் தொடங்கிய விதத்தில்தான் அவள் சறுக்கினாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு வண்டியைப் பிரித்து, அதை மாட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இவள் கிடங்கில் வளர்ந்தவள் ஆயிற்றே, முதலில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டாமா? மூன்று இன்ஜினையும் ஒரே மூச்சில் பிரித்தாள். கழுவினாள், துடைத்தாள், எண்ணெய் பூசினாள். வண்டி வாரியாக இல்லை, வகை வாரியாக அடுக்கினாள். ஸ்பிரிங் எல்லாம் ஒரு பெட்டி, வால்வு எல்லாம் ஒரு பெட்டி, ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை எழுதிய அட்டை. அந்த அலமாரியைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை அழகு.

ஐந்தாவது மாதம் முதல் இன்ஜினைக் கோத்தாள். பிஸ்டனைக் கீழே உள்ள பெரிய தண்டோடு இணைப்பது ராடு. ராடின் அடிப்பாகம் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு வளையம். அந்த வளையத்தின் கீழ்ப்பாதி தனியாகக் கழன்று வரும், அதற்குக் கேப் என்று பேர். ஒரு வண்டிக்கு நான்கு ராடு, நான்கு கேப். அவற்றில் ஒன்று முதல் நான்குவரை அடித்திருந்த எண்ணைப் பார்த்து மாட்டி இறுக்கினாள். தண்டு அசைய மறுத்தது. தளர்த்தினாள், எண்ணெய் விட்டாள், மறுபடி இறுக்கினாள். பிடித்து வைத்த மாதிரி நின்றது.

வாராவாரம் வேடிக்கை பார்க்க வரும் அண்ணன் அன்றைக்குப் பார்த்து வந்தார். அலமாரியைப் பார்த்தார். 'ராடு 12', 'கேப் 12' என்ற இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். பிறகு ஒரு டயர்மேல் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, ராடையும் கேப்பையும் சேத்து முடுக்கி வெச்சுத்தான் உள்வட்டத்தைக் கடைவாங்க. ஒண்ணோட கேப் இன்னொண்ணுக்குச் சேராது. ஒண்ணாம் நம்பர்னு போட்டிருக்கும், சரி. உங்கிட்ட மூணு ஒண்ணாம் நம்பர் இருக்கே, எது எதோட பொண்டாட்டி? ஸ்டோர் புத்தி ஸ்டோரை விட்டுப் போகலை பாரு."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. கிடங்கில் எல்லாம் புதுச் சரக்கு, ராடும் கேப்பும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தே வரும், பிரித்துப் பார்க்க வேலையே இருந்ததில்லை. சேர்ந்து பிறந்து சேர்ந்தே தேய்ந்த சாமான்களைப் பிரித்துப் போட்டது அவள் கைதான். யாரைக் குறை சொல்வது?

சிரித்து முடித்ததும் அண்ணனுக்குப் பாவமாகிவிட்டது. "சரி விடு. இன்ஜினை என் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பு. பத்து நாள்ல கோத்துத் தர்றேன். கேட்டைத் தாண்டினதா நானே ஒத்துக்கறேன்."

கணவர்கூட, "மச்சான் சொல்றதும் சரிதானே" என்றார்.

"வேணாம்" என்றாள். உரலுக்குள் தலையை விட்டாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய? அவளுக்கு வண்டி ஓடினால் மட்டும் போதாது. தன் கையால் ஓடவேண்டும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மறுநாள் காலையிலிருந்து சாப்பாட்டு மேசைமேல் பழைய துணியை விரித்து உட்கார்ந்தாள். கணவர் வேலைக்குக் கிளம்பும்வரை ராடை அசையாமல் பிடித்துக்கொள்வார். அவள் ஒரு கேப்பை மாட்டி இறுக்குவாள். பிறகு வட்டத்தின் உள்ளே, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தால் வருடுவாள். நகம் தட்டினால் ஜோடி இல்லை. தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் ஜோடி. கழற்று, அடுத்தது. பூண்டு உரிக்கிற வேலை மாதிரி பொறுமையைத் தின்றது. பொருந்திய ஜோடியை உடனே சணலால் கட்டி வைத்தாள், மறுபடி பிரிந்துவிடுமோ என்ற பயம். மூன்று வாரத்தில் பதினோரு ஜோடி சேர்ந்தன.

மிச்சம் இருந்தது மூன்றாம் எண் ராடு ஒன்று, கேப் ஒன்று. இதற்குச் சோதனையே தேவையில்லை, இருந்தாலும் வருடினாள். நகம் தட்டியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். கட்டிய மூன்றாம் எண் ஜோடிகளை அவிழ்த்து மறுபடி பார்த்தாள். அவை சரியாகவே இருந்தன. அந்தக் கடைசி கேப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது விளங்கியது. ஓரம் முழுக்க அரத்தால் ராவிய கீறல். வேறு ஒன்றின் கேப்பை யாரோ எப்போதோ ராவி, வலுக்கட்டாயமாக இதில் உட்கார வைத்திருக்கிறார்கள். தான் செய்த அதே தப்பு, ஆனால் மூடி மறைத்த தப்பு.

பக்கவாட்டில் முக்கோணமாக மூன்று புள்ளி அடித்திருந்தது. பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. தான் மாட்டிய பாகத்தில் ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் அடையாளத்தைப் புள்ளியாக அடிக்கவேண்டும். முக்கோணம் அண்ணனுடையது. அதை அடிக்கும் உளியை ஜன்னல் வழியாக அவருக்கு எடுத்துக் கொடுத்தவளே இவள்தான்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க. இது ஒண்ணு ஆகாது. முதல் வண்டிக்கு நாலு போதும், அது இருக்கு."

அடுத்த வாரம் அண்ணன் வந்து, "என்ன ஸ்டோரு, சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?" என்று கேலி செய்தபோது அந்த கேப் அவளுடைய மேல்சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், அண்ணனின் வாய் அடைத்திருக்கும். சொல்லத் துடித்தாள் என்பது உண்மை. ஆனால் அண்ணன் வாயை அடைத்தால் இன்ஜினா ஓடப்போகிறது? இன்னும் சிலிண்டர் மூடவேண்டும், ரேடியேட்டர் ஒழுகியது, செடித் தட்டுகளுக்குச் சட்டம் அறுக்கவேண்டும். "பேசிட்டிருக்கோம்ணே" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டாள்.

எட்டாவது மாதத்தின் கடைசி நாள் காலை. பச்சை வண்ணம் பூசிய லாரி, பின்னால் ஏறுவரிசையில் மரத் தட்டுகள். நாற்றுப் பண்ணைக்காரர் வந்திருந்தார், தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கனரக வண்டி ஓட்டும் உரிமம் போன வருடமே வாங்கியிருந்தவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் கணவர், இஸ்திரி போட்ட சட்டையில்.

முதல் தடவை முனகியது. இரண்டாம் தடவையும் முனகியது. கேட்டுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூன்றாம் தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவள் உடனே கிளம்பவில்லை. ஒரு தட்டல், ஒரு கடகடப்பு வருகிறதா என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். வரவில்லை. கியரைப் போட்டாள். கேட் தூண்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. தெருக்கோடிவரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தியபோது அவளுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் கிரீஸ்.

அண்ணன் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கத்தில் குனிந்து கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"சத்தம் சுத்தமா இருக்கு" என்றார் நிமிர்ந்து. "ஷெட்டை அப்புறம் பாத்துக்கலாம். மத்த ரெண்டையும் முடி."

அவள் இறங்கி, பையிலிருந்து கேப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். அண்ணன் திருப்பிப் பார்த்தார். அரத்தின் கீறலைப் பார்த்தார். முக்கோணத்தைப் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் சறுக்கிய தடத்தை இத்தனை வருடம் கழித்து யாராவது கையில் கொண்டுவந்து வைப்பார்களா? அவர் காது சிவந்துவிட்டது.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?" குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"ரெண்டு மாசமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உங்க மச்சான்கிட்டகூடச் சொல்லலை. மூணாவது வண்டிக்கு மூணாம் நம்பர் ராடு ஜோடியா வேணும்ணே. நீங்க தேடிக் கொண்டாந்து குடுங்க, நான் மாட்டிக்கறேன்."

அண்ணன் கேப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, கிடங்கின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டை வாங்குகிறவர் மெக்கானிக்கைக் கேட்பதுபோல, மரியாதையாகக் கேட்டார்:

"எந்த வருஷத்து மாடல்னு எழுதிக் குடும்மா."